இருவாச்சிக்குப் பேச்சுத் துணை

என் அக்கா புருஷன் உயிருள்ள மிருகம் எதையும் தொட்டுப் பார்த்தவரில்லை. தெருநாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தால்கூட நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார். ஆனால் முப்பது வருஷமாக அவர் வீட்டு அடுப்பு எரிவது மிருகங்களால்தான். நகர அருங்காட்சியகத்தில் பாடம் பண்ணி வைத்திருக்கும் பிராணிகளுக்கு அவர்தான் வைத்தியர். தோலுக்குள் பஞ்சும் கம்பியும் அடைத்து உயிரோடு இருப்பதுபோல நிற்க வைத்திருக்கிறார்களே, அவற்றுக்கு மீசை உதிர்ந்தால் மீசை நடுவார், காது கிழிந்தால் தைப்பார், கண் விழுந்தால் கண் வைப்பார். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், எங்கள் மாமா புலி வாய்க்குள் கையை விட்டுத் துடைப்பவர் என்று நண்பர்களிடம் நான் பீற்றிக்கொண்டதுண்டு. அந்தப் புலி செத்து எழுபது வருஷமாகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மாமாவின் சட்டைப்பையில் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஒருநாள் என் அலுவலகத்தில் பேனா தேடுகிறேன் என்று பையைக் கவிழ்த்தார். ஊசி, நூல்கண்டு, ஒரு பல் எல்லாம் விழுந்தன. கூடவே ஒரு மான் கண் உருண்டோடி, எங்கள் கணக்குப் பிரிவு அம்மாளின் டம்ளர் பக்கத்தில் போய் அவரைப் பார்த்தபடி நின்றது. அந்த அம்மாள் அன்று மதியம் சாப்பிடவில்லை. மாமா அதை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்து, "இடது கண்ணும்மா, ஒண்ணும் பண்ணாது" என்று சமாதானம் சொன்னார்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே பஞ்சு இறங்கியிருக்கிறது என்று. "வலது தோள் தொங்குது மச்சான், உள்ள எதுவோ சரியில்ல" என்று என்னிடம் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளே என்ன சரியில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன் எங்கள் அம்மா போனபிறகு, அக்கா ஒரு வாரம் தங்கிப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தாள். வீடு என்றால் நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு. இப்போது நானும் என் மனைவியும் இருக்கிறோம். அக்காவின் அறை என்று பின்பக்கம் ஒரு சின்ன அறை. நான் அதற்குள் அலுவலகத்துப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன். நான் பயண ஏற்பாட்டு நிறுவனம் நடத்துபவன். கடற்கரைகளும் பனிமலைகளும் அச்சடித்த வழவழப்பான புத்தகங்கள், பெட்டி பெட்டியாக, ஜன்னலை மறைத்துக் கூரை வரைக்கும் நின்றன. அக்கா வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். மறுநாள் காலையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனவள்தான். அதன்பிறகு என் அலுவலகத்துக்கு வருவாள், டீ குடிப்பாள், என் மனைவியோடு போனில் சிரித்துப் பேசுவாள், "வரேன், வரேன்" என்பாள். வீட்டுப்படி மட்டும் ஏறியதில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சமாதானம் செய்திருப்பேன். சண்டையே போடாதவளிடம் எதை வைத்துப் பேச்சை ஆரம்பிப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆகையால், இந்த வருஷம் மாமா ஒரு சனிக்கிழமை வந்து, "அடுத்த மாசம் மியூசியத்துக் கூரையைப் பிரிக்கப் போறாங்க, மூணு வாரம் லீவு. உங்கக்காவைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொன்னபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அக்காவின் முழங்கால்களுக்கு அறுவை சிகிச்சை நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப்பின் நடை எப்படியிருக்கும் என்று மருத்துவரே வாய் திறந்து சொல்லவில்லை. போவதென்றால் இந்த மூன்று வாரம்தான், அதுவும் ஒரே ஒரு தடவைதான். இந்தப் பயணத்தை மட்டும் குறையில்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டால், திரும்பி வந்து புகைப்படம் காட்டவாவது அக்கா வீட்டுக்கு வருவாள் என்று நான் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மற்றதெல்லாம் அந்த முடிச்சிலிருந்து வந்த வினைதான்.

"எந்தக் காடு மாமா?" என்று கேட்டேன்.

"மழைக்காடு. பட்டியல் எழுதிட்டு வந்திருக்கேன். இதெல்லாம் பாக்கணுமாம்" என்று ஒரு தாளை நீட்டினார். நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தாளில் இப்படி இருந்தது. இருவாச்சிப் பறவை, வலப்பக்கக் கிளை, தரையிலிருந்து ஐந்தடி உயரம். ஸ்லாத், அதே கிளை, இருவாச்சியைப் பார்த்தபடி. மலைப்பாம்பு, அடிமரத்தில் இரண்டு சுற்று. பச்சைத் தவளை, முன்பக்கத்து இலை. சிறுத்தை, பாறைக்குப் பின்னால், வால் மட்டும்.

நான் இரண்டு தடவை படித்தேன். "வால் மட்டும்னா?"

"வால் மட்டும் தெரிஞ்சா போதும். முழுசாப் பாக்கணும்னு அவசியமில்ல."

அருங்காட்சியகத்தின் மழைக்காட்டுக் கண்ணாடி அறையை இடமிருந்து வலமாகப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சிறுத்தையின் உடம்பைப் பூச்சி அரித்துவிட்டதால் மிச்சமிருந்த வாலைப் பாறைக்குப் பின்னால் சொருகி வைத்தவர் அவரேதான். மனுஷன் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவர், காட்டிலும் எல்லாம் அந்தந்த ஆணியில் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறார் என எனக்குள் சிரித்துக்கொண்டேன். உயரத்தையும் ஆணியையும் விட்டுவிடலாம். இந்த ஐந்தும் இருக்கிற காட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். அங்கே ஆரம்பித்தது என் தலைவேதனை.

நான் ஜனங்களைக் கடற்கரைக்கு அனுப்பிப் பழகியவன். கடற்கரையில் குழப்பம் கிடையாது. கடல் இருக்கும், மணல் இருக்கும், போனவர்கள் தோல் கறுத்துத் திரும்பி வருவார்கள். காடு அப்படியில்லை. முதலில் மாதத்திலேயே மாட்டிக்கொண்டேன். மழை இல்லாத மாதம் எது என்று ஒரு காட்டு விடுதிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். எடுத்தவர் யோசித்துவிட்டு, "எங்ககிட்ட மழை பெய்யற மாசம் இருக்கு, ரொம்ப மழை பெய்யற மாசம் இருக்கு. உங்களுக்கு எது வேணும்?" என்றார். கூரை பிரிக்கும் மூன்று வாரம் எதில் வருகிறது என்று கேட்டேன். "ரெண்டுக்கும் நடுவுல" என்றார். குடை எடுத்து வரலாமா என்றேன். குடையைக் கிளை கிழித்துவிடும் என்றார். மழைச்சட்டை? உள்ளே வியர்வையில் நனைவீர்கள் என்றார். அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்டதற்கு, "நனையலாம்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சிரித்தார்.

சரி, அந்தக் காட்டில் ஸ்லாத் உண்டா? ஸ்லாத் என்றால் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஆயுளைக் கழிக்கிற பிராணி. வாரத்துக்கு ஒருமுறை காலைக்கடனுக்கு மட்டும் மெதுவாகக் கீழே இறங்கும். அருங்காட்சியகத்துக்கு வருகிற எல்லாரும் அதைச் சோம்பேறி என்பார்கள். அக்கா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "அது சோம்பேறி இல்ல, வந்த எடத்துல அடக்கமா இருக்கு" என்பாள்.

விடுதிக்காரர் இல்லை என்றார். இருவாச்சி? எத்தனை வேண்டும் என்றார்.

இவருக்குத் தன் காட்டைப் பற்றியே சரியாகத் தெரியவில்லை என்று முடிவு கட்டி வேறொரு நிறுவனத்தைப் பிடித்தேன். அங்கே பேசிய பெண் கெட்டிக்காரி. ஸ்லாத் சாப்பாட்டு அறைக்கு எதிரிலேயே தொங்கும் என்றாள். இருவாச்சி? கொஞ்சம் தயங்கி, பெரிய அலகு உள்ள பறவைதானே என்று கேட்டுப் படம் அனுப்பினாள். அலகு பெரிதாகத்தான் இருந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் அலகு, எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வெற்றி என்று மாமாவுக்கு அனுப்பி வைத்தேன்.

இத்தனை வருஷத்தில் முதன்முறையாக மாமா எனக்குக் கோபமாகப் போன் செய்தார். "இது இருவாச்சியா மச்சான்? இது டூக்கன்னு வேற பறவை. என் பறவைக்கு அலகு மேல கொண்டை மாதிரி இன்னொண்ணு இருக்கும். அது விழுந்தப்ப நானே ஒட்டினேன். நான் வேலைக்குச் சேர்ந்து கைவச்ச மொத உருப்படி அதுதான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப அந்தப் பொண்ணு காட்டுல இருவாச்சி இல்லியா?"

மாமா இருமினார். பிறகு, "நீ விசாரிச்சுப் பாரு" என்று வைத்துவிட்டார்.

விசாரித்தேன். ஒரு பெரிய தாளில் கோடு போட்டுக் காடுகளை ஒரு பக்கமும் பிராணிகளை மேலேயும் எழுதினேன். இருவாச்சிக்கு டிக் விழுந்த இடத்தில் ஸ்லாத்துக்குப் பெருக்கல் குறி விழுந்தது. ஸ்லாத்துக்கு டிக் விழுந்தால் இருவாச்சிக்குப் பெருக்கல் குறி. தவளை எல்லா இடத்திலும் இருந்தது, அது ஒன்றுதான் என்னோடு ஒத்துழைத்த பிராணி. பத்துப் பன்னிரண்டு காட்டுக்குப் பேசினேன். ஒரு வழிகாட்டி, ரெண்டையும் ஒரே கிளையில் காட்டினால் தானும் வந்து பார்க்கிறேன் என்று சொன்னார். கேலி செய்கிறார் என்றுகூட எனக்கு விளங்கவில்லை, அவர் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டேன். மாமா எழுதிக் கொடுத்த பட்டியல் தப்பாக இருக்கலாம் என்று மட்டும் என் மண்டைக்குத் தோன்றவில்லை. அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே பித்தளைப் பலகையில் "ஒரே காட்டில் ஒன்றாக வாழும் உயிரினங்கள்" என்று எழுதியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதை நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். அரசாங்கப் பலகையை விடவா எனக்குத் தெரியும்?

இதற்கிடையில் அக்கா. அவள் திரைச்சீலைக் கடையில் வேலை செய்பவள். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுத்துத் தைத்து மாட்டிவிட்டு வருவாள். எதையும் அங்குலத்தில் கேட்டுப் பழக்கம். "தம்பி, நாங்க தங்கற அறையிலிருந்து அந்த மரம் எத்தனை அடி?" என்றாள் போனில்.

"எந்த மரம்க்கா?"

"இருவாச்சியும் ஸ்லாத்தும் இருக்குமே, அந்த மரம்தான். என் முழங்காலுக்கு எவ்வளவு நடக்கணும்னு தெரிய வேணாமா? கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிட்டாப் போதும்டா. ரெண்டும் எப்படிப் பேசிக்குதுன்னு ஒருநாள் பூரா பாத்துட்டு வந்துடுவேன்."

பக்கம்தான், பக்கம்தான் என்று சொல்லி வைத்தேன். வைத்துவிட்டு என் தாளைப் பார்த்தேன்.

மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு நேராக அருங்காட்சியகத்துக்குப் போனேன். கூரை வேலைக்காக எல்லாவற்றையும் மூட ஆரம்பித்திருந்தார்கள். கரடி, மான், காட்டெருமை எல்லாம் வெள்ளைத்துணி போர்த்திக்கொண்டு, முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர்கள் மாதிரி வரிசையாக இருந்தன. பூச்சி உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. மாமா தன் அறையில் இழுப்பறைகளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்பறையிலும் கண்ணாடிக் கண்கள், மில்லிமீட்டர் வாரியாக. நான் பெருக்கல் குறித் தாளை அவர் முன்னால் விரித்தேன்.

"மாமா, நான் முட்டாளா, இல்ல உலகத்துல இருக்கிற அத்தனை காட்டுக்காரனும் முட்டாளா? ஒண்ணு சொல்லிடுங்க."

அவர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். சாவிக்கொத்தைப் பையில் போட்டார், எடுத்தார், திரும்பப் போட்டார். பிறகு "வா" என்று என்னைக் கண்ணாடி அறைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். அதை இன்னும் மூடவில்லை.

பச்சை இலைகளுக்கு நடுவில் இருவாச்சி உட்கார்ந்திருந்தது. அதே கிளையில் இரண்டடி தள்ளி ஸ்லாத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பறவையைப் பார்த்துப் பாதிச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தது. பின்சுவரில் மலையும் மேகமுமாக வரைந்த காடு.

"பின்னால வரைஞ்சிருக்கிறது இருவாச்சியோட காடு. இது வேற" என்று ஸ்லாத்தைக் காட்டினார். "இது உலகப் படத்துல அந்த ஓரம். நடுவுல முழுக் கடல்."

"அப்ப இங்க எப்படி வந்துது?"

"நான்தான் வச்சேன்."

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய கதை. எனக்கும் அந்த நாள் ஞாபகமிருக்கிறது, ஏனென்றால் நானும் கூடப் போயிருந்தேன். மாமாவுக்கும் அக்காவுக்கும் கல்யாணப் பேச்சு அப்போதுதான் ஆரம்பம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கட்டும் என்று அம்மா எங்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். மாமா வாயே திறக்கவில்லை. அக்காவும் திறக்கவில்லை. நான் மட்டும் கரடியைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அக்கா இந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "பாவம், இது தனியா உக்காந்திருக்கே. பேச்சுத் துணைக்கு ஏதாவது வைக்கக்கூடாதா?" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் அன்று பேசியது.

"கிடங்குல ஒரு பெட்டி கிடந்துச்சு மச்சான். எந்த ஊர்லேர்ந்து வந்ததுன்னு பெட்டி மேலயே எழுதியிருந்துச்சு. தெரியாம வைக்கல. தெரிஞ்சேதான் வச்சேன். அடுத்த வாரம் அவ வந்தா. பாத்தா. சிரிச்சா." மாமா கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். "பலகை எழுத வந்தவர் எல்லாம் ஒரே காடுதானேன்னு கேட்டார். ஆமான்னுட்டேன்."

முப்பது வருஷ வேலையில் ஒரு மயிர்க்கால்கூட மாற்றி நடாத மனுஷன். பழைய மேலாளர் ஓநாய்க்குக் கொஞ்சம் பெரிய பல் வைக்கச் சொன்னதற்கு முடியாது என்று இரண்டு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தவர். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் என் அக்காவைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னது. அதுவோ ஊர் முழுக்க நோட்டுப் புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும், மூன்று வாரமாக என்னைக் கிறுக்கனாக்கியிருக்கிறார். ஆனால் அவரைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. கட்டிக்கொள்ளவில்லை, நாங்கள் அப்படிப் பழகியவர்களில்லை.

"அக்காகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்குச் சொல்லல. அப்புறம் சொல்ல முடியல. பட்டியலை அவதான் சொன்னா, நான் எழுதினேன். உன்கிட்ட கொடுத்தா, நீயே பாத்து இல்லேன்னு சொல்லிடுவன்னு நினைச்சேன். நீ என்னடான்னா தேடிக்கிட்டே இருக்க."

இதுதான் என் சாமர்த்தியம். இல்லை என்று சொல்வதற்காக என்னிடம் கொடுத்த பட்டியலை நான் மூன்று வாரம் உலகம் பூராவும் தேடியிருக்கிறேன்.

"நீயே சொல்லிடு மச்சான்" என்றார்.

"நான் மாட்டேன். ஏற்கெனவே ஒரு விஷயத்துல எனக்கும் அவளுக்கும் ஒம்பது வருஷம் ஓடிட்டிருக்கு. இதையும் என் தலையில கட்டாதீங்க."

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அக்கா முழங்காலை நீவிக்கொண்டே உட்கார்ந்தாள். மேசைமேல் உலகப் படத்தை விரித்திருந்தேன். டீ வந்தது. யாரும் தொடவில்லை. மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன், அக்கா எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

மாமா சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, உலகப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு விரல், இடது ஓரத்தில் ஒரு விரல் வைத்துக்கொண்டு, பெட்டி, கிளை, பலகை என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். "ரெண்டையும் சேர்த்துப் பாக்க முடியாது. ஏதாவது ஒண்ணுதான். எதுன்னு நீ சொல்லு, அங்க போகலாம்."

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். அல்லது திட்டுவாள் என்று. இரண்டும் செய்யவில்லை. அவர் இரண்டு விரல்களுக்கும் நடுவிலிருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது. ஏதோ அளவு தப்பின ஜன்னலைப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"இருங்க. எனக்குக் குழப்பமா இருக்கு. இருவாச்சி அதோட காட்டுலதான் உக்காந்திருக்கு."

"ஆமா. சுவர்ல இருக்கிறது அதோட காடுதான்."

"இதுதான் வேற எடத்துலேர்ந்து வந்தது."

"ஆமா."

"இருபத்தாறு வருஷமா."

மாமா படத்திலிருந்து விரல்களை எடுக்கவில்லை.

"நான் ஒரு வார்த்தை சொன்னேன்னு அதைப் பேச்சுத் துணைக்குக் கொண்டாந்து வச்சிட்டீங்க. சரி. அதுகிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். "அது எல்லாரையும் பாத்துச் சிரிச்சிட்டே தொங்குது. பாக்கிறவங்க சோம்பேறின்னுட்டுப் போறாங்க. அதுக்கும் ஒரு பொறந்த வீடு இருக்கும்னு யாருக்கும் தோணலை. எனக்கே தோணலையே."

நான் டீ டம்ளரை எடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அதோட ஊருக்கே போடுடா தம்பி" என்றாள் அக்கா. "பொறந்த வீடு எப்படியிருக்கு, மரம் எல்லாம் அப்படியே இருக்கான்னு ஒருதடவை பாத்துட்டு வந்து அதுகிட்ட சொல்றேன்."

என்னைக் குத்திக் காட்டச் சொன்னாளா, இல்லை ஸ்லாத்தைப் பற்றி மட்டும்தான் பேசினாளா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் எனக்கு நிமிரவே முடியவில்லை. கணினியைப் பார்த்துக்கொண்டே, "போட்டுடறேன்க்கா" என்றேன்.

மாமாவின் நிலைமையையும் சொல்ல வேண்டும். முதல் உருப்படி, கொண்டை ஒட்டின பறவை. அது உயிரோடு சிறகடித்துப் பறக்கிற சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தச் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும் என்று எங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதை அவர் அன்று ஒரு வார்த்தை பேசாமல் விட்டுக்கொடுத்தார். படியிறங்கும்போது மட்டும் என் காதோரம், "இருவாச்சி எங்க போயிடப் போகுது மச்சான்" என்றார். பறவையைச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அந்த மனுஷனை எனக்கு அன்றுபோல் என்றும் பிடித்ததில்லை.

அவர்கள் போனபிறகு டிக்கெட் போட உட்கார்ந்தேன். மூன்று விமானம் மாறிப் போக வேண்டும். முதல் விமானம் இங்கிருந்து இரண்டு நேரத்தில் இருந்தது. ஒன்று காலை ஏழு மணி, இன்னொன்று மதியம் இரண்டு மணி. அக்கா வீடு நகரத்தின் அந்தக் கோடி. விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். எங்கள் வீட்டிலிருந்து கால்மணி நேரம்தான். முழங்கால் வலிக்கிற ஒருத்திக்கு எந்தப் பயண நிறுவனத்துக்காரனும் மதிய விமானத்தைத்தான் போடுவான். நான் காலை விமானத்தைப் போட்டேன். போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்து, "காலைல ஏழு மணிதான்க்கா, வேற நேரம் கிடையாது. அங்கேருந்து கிளம்பினா சரிப்படாது. முந்தின நாளே வந்துடுங்க" என்றேன். எங்கே வரவேண்டும் என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

அவள் சற்று யோசித்தாள். "ஒரே ஒரு விமானம்தானா?"

"ஒண்ணுதான்."

"சரி" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னறையைத் திறந்தேன். பெட்டிகள் ஒன்பது வருஷமாக அதே இடத்தில் நின்றன. ஒன்றைக்கூட நான் ஒருநாளும் பிரித்ததில்லை. அவற்றில் இருந்த பாதி விடுதிகளை இதற்குள் மூடிவிட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் பழைய காகிதக்காரரிடம் தூக்கிக் கொடுத்தேன். ஆறு நடை. என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை நான் எத்தனை தடவை சொன்னேன்" என்றாள். ஆமாம், சொன்னாள். கடைசிப் பெட்டியை எடுத்ததும் ஜன்னல் தெரிந்தது. கண்ணாடியில் பெட்டியின் அச்சு, சதுரம் சதுரமாக. அதைத் தேய்த்துத் துடைக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு இருவரும் வந்தார்கள். மாமா கையில் ஒரு பெட்டி, முதுகில் ஒரு பை. அக்கா ஒரு துணிப்பையைத் தானே தூக்கிக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள். நான் கை கொடுக்கப் போனேன். "பையைப் பிடி, என்னை இல்ல" என்றாள்.

மாமா வந்ததும் வராததுமாக, கண்ணாடி அறைப் பலகையை மாற்றிவிட்டதாகச் சொன்னார். மேலாளரிடம் நடந்ததைச் சொன்னாராம். மேலாளர் ஸ்லாத்தை எடுத்துவிடலாமா என்றாராம். "உங்கக்கா கூடாதுன்னுட்டா. இத்தனை வருஷம் பழகினதைப் பிரிக்க வேணாம், பலகையில உண்மையை எழுதினாப் போதும்னா." இப்போது அதில், ஸ்லாத் இந்தக் காட்டைச் சேர்ந்ததல்ல என்றும் எங்கிருந்து வந்தது என்றும் எழுதியிருக்கிறதாம். மனுஷனுக்கு ஐந்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

அக்கா எதையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நேராகப் பின்னறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள், அன்றைக்கு நின்ற அதே இடத்தில். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு விமானம் இருக்காமே" என்றாள்.

நான் சுவரைப் பார்த்தேன்.

"உங்க மாமா போன வாரமே விசாரிச்சிட்டு வந்து சொன்னார். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்த ஆரம்பிச்சா, கொஞ்சம் நல்லாவாவது பண்ணுங்கடா."

"தெரிஞ்சுமாக்கா வந்தே?"

அவள் துணிப்பையை மடியில் வைத்து அவிழ்த்தாள். காட்டுக்கு எடுத்த துணி என்று நினைத்திருந்தேன். உள்ளே இருந்தது வெளிர்நீலத் திரைச்சீலை, மடித்து இஸ்திரி போட்டது, வளையங்களெல்லாம் கோர்த்துத் தயாராக.

"ஸ்டூலைப் போட்டு ஏறு. எனக்கு முடியாது."

ஏறினேன். கம்பியைக் கழற்றி வளையங்களை நுழைத்து மாட்டினேன். அவள் கீழே உட்கார்ந்தபடி, "வலது பக்கம் இறங்கியிருக்கு, தூக்கு. இன்னும் கொஞ்சம். போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். துணி ஜன்னலின் அடிக்கட்டை வரைக்கும் வந்து ஒரு விரல்கூட ஏறாமல் இறங்காமல் நின்றது.

"அளவே எடுக்கலையேக்கா" என்றேன்.

"இதுக்கு எதுக்குடா அளவு?" என்றாள். "காலைல என்னை எத்தனை மணிக்கு எழுப்புவ?"